ஹைக்கூ இயங்குதளத்தில் மில்க்கிடிராக்கர்: முதல் மெட்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இதைப் படித்து முடித்து, கூடவே செய்தும் பார்த்தால், அரை நிமிடம் ஓடும் ஒரு மெட்டு உங்கள் கையில் இருக்கும். அதற்காக ஒரு ஒலிக்கோப்புகூட வெளியிலிருந்து இறக்கப் போவதில்லை. மூன்று ஒலிகளையும் நாமே செய்து, நாமே அடுக்கி, நாமே வேவ் கோப்பாக எடுப்போம். பழைய மடிக்கணினியே போதும்.

இயங்குதளத்தின் பெயர் ஹைக்கூ. அதன் பூர்வீகம் இசைக்காரர்களுக்கு நெருக்கமானது. ஆப்பிளில் உயர் பதவியில் இருந்த ழான் லூயி காஸே 1990-இல் தொடங்கிய பீ நிறுவனம் பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. ஒலி, ஒளி வேலைகளுக்கென்றே அடித்தளத்திலிருந்து எழுதப்பட்டது அது. 1995-இல் அவர்கள் வெளியிட்ட பீபாக்ஸ் கணினியின் பின்புறத்தில் மின்னிசைக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் இரண்டு மிடி உள்வாயில்களும் இரண்டு மிடி வெளிவாயில்களும் பெட்டியோடு சேர்ந்தே வந்தன. 2001-இல் பாம் நிறுவனம் பீயின் சொத்துகளை வாங்கியதும் பீஓஎஸ் நின்றுபோனது. அதை நேசித்தவர்கள் அதே ஆண்டில் முதலிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தார்கள். 2004-இல் அந்தத் திட்டத்துக்கு ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வந்தது. இத்தனை ஆண்டுகள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் ஒரு குழு இதைத் தாங்கிப் பிடித்து வந்திருக்கிறது என்பதே எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை.

மென்பொருள் மில்க்கிடிராக்கர். டிராக்கர் என்பது சீக்வென்சரில், அதாவது சுரங்களை வரிசையாக அடுக்கி ஓட்டும் மென்பொருளில், ஒரு தனி வகை. சுரங்களைக் கட்டைகளாக வரைந்து காட்டும் பியானோ ரோல் கிடையாது, மேலிருந்து கீழே ஓடும் எண் பட்டியல்தான். 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் இந்த வழி தொடங்கியது. அமிகாவின் ஒலிச் சில்லுக்கு நான்கு சேனல்தான், அதனால் பட்டியலிலும் நான்கு பத்திகள். 1990-களின் நடுவில் டாஸ் கணினிகளில் ஃபாஸ்ட்டிராக்கர் 2 வந்தது. 32 சேனல், 128 இசைக்கருவி, 16 பிட் சாம்பிள் (கருவியின் குரலாகப் பயன்படும் ஒலித்துண்டு) என்று எல்லை விரிந்தது. மில்க்கிடிராக்கர் அந்த ஃபாஸ்ட்டிராக்கரின் நடையையும் அதன் எக்ஸ்எம் கோப்பு வடிவத்தையும் பின்பற்றுகிறது.

ஒரு சின்னக் குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுகிறேன். ஹைக்கூவில் கோப்புகளைத் திறந்து பார்க்கும் நிரலின் பெயரும் டிராக்கர்தான். இந்தக் கட்டுரையில் டிராக்கர் என்றால் இசை டிராக்கர்.

ஹைக்கூவை ஏற்றுவது

ஹைக்கூவின் தளத்தில் 64 பிட் பதிப்பை இறக்குங்கள். 32 பிட் பதிப்பும் உண்டு. பழைய பீஓஎஸ் நிரல்களை ஓட்ட விரும்புகிறவர்களுக்கு அது தேவைப்படும், நமக்கு வேண்டாம். இறங்கும் படிமத்தை எட்ச்சர் போன்ற நிரல் கொண்டு 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் எழுதுங்கள். சும்மா நகலெடுத்துப் போட்டால் பூட் ஆகாது. பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். 2 ஜிபி ரேம் இருந்தால் தாராளம்.

முதல் திரையில் நிறுவலாமா, முயன்று பார்க்கலாமா என்று கேட்கும். முயன்று பார்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும்போதும் நீங்கள் சேமிப்பவை பென்டிரைவிலேயே தங்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. மெய்நிகர் கணினியில் ஐஎஸ்ஓ கோப்பை சிடி போல மாட்டி ஓட்டினால் கதை வேறு. அப்போது எழுதுவதெல்லாம் நினைவகத்தோடு சரி, அணைத்ததும் போய்விடும். நான் முதன்முதலில் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து ஒரு மெட்டைக் கட்டி, ஒழுங்காகச் சேமித்து, கணினியை அணைத்தேன். மறுநாள் திறந்தபோது கோப்புறை காலி. அந்த மெட்டின் முதல் எட்டு சுரம் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மெய்நிகர் கணினிதான் வேண்டும் என்றால், அதற்குள் ஒரு வட்டை உருவாக்கி, நிறுவி நிரலால் ஹைக்கூவை அதில் பதித்துவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

ஒலி வருகிறதா, இணையம் கிடைக்கிறதா

வலது மேல் மூலையில் இருக்கும் பட்டைக்கு டெஸ்க்பார் என்று பெயர். அதிலுள்ள இலைச் சின்னத்தை அழுத்தினால் மெனு விரியும். ப்ரிஃபரன்சஸ் பகுதியில் மீடியா என்பதைத் திறந்து, ஒலி வெளியீட்டில் உங்கள் ஒலிச் சில்லு தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் எச்டி ஆடியோ என்று இருக்கும். தெரிந்தும் சத்தம் வரவில்லை என்றால் அதே சாளரத்தில் மீடியா சேவைகளை மறுதொடக்கம் செய்யும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திப் பாருங்கள். புளூடூத் ஹெட்ஃபோனை நம்பி இறங்க வேண்டாம். கம்பி வைத்த ஹெட்ஃபோனைச் செருகுங்கள்.

வைஃபை சில கணினிகளில் உடனே கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. கிடைக்காதவர்கள் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங்கை இயக்கிப் பாருங்கள், நான்காவது பீட்டாவிலிருந்து அந்த வசதி உண்டு. இணையம் வந்ததும் டெஸ்க்பார் மெனுவில் ஹைக்கூடெப்போ என்ற நிரலைத் திறந்து, மில்க்கிடிராக்கர் என்று ஆங்கிலத்தில் தேடி நிறுவுங்கள். சிறிய பொட்டலம்தான், சீக்கிரம் இறங்கிவிடும்.

முதல் முறை திறந்ததும்

சாளரத்தின் மேல்பாதியில் நிறையப் பொத்தான்கள், கீழ்ப்பாதியில் வெற்றுப் பட்டியல். இதைப் பார்த்ததும் மிரண்டு மூடிவிடுபவர்கள் உண்டு. இப்போதைக்கு ஐந்தாறு பொத்தான்கள்தான் நமக்கு வேண்டும்.

முதலில் கான்ஃபிக் பொத்தான். எழுத்துகள் மிகச் சிறியதாகத் தெரிந்தால் சாளர அளவை இங்கே மாற்றி, நிரலை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். சத்தம் கரகரத்தால் பஃபர் அளவைக் கூட்டுங்கள். விசையை அழுத்திய பிறகு தாமதமாக ஒலித்தால் குறையுங்கள். விசைப்பலகை நடையில் ஃபாஸ்ட்டிராக்கர் 2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய டிராக்கர் பாடங்களில் பெரும்பாலானவை இந்த நடையை வைத்து எழுதப்பட்டவை.

ஆனால் ஹைக்கூவில் இந்த நடைக்கு ஒரு பொறி இருக்கிறது. ஃபாஸ்ட்டிராக்கர் நடையில் எஃப்3 வெட்டும், எஃப்4 நகலெடுக்கும், எஃப்5 ஒட்டும். ஷிஃப்ட் சேர்த்தால் ஒரு சேனல், கன்ட்ரோல் சேர்த்தால் முழுப் பேட்டர்ன் (பட்டியலின் ஒரு முழுப் பக்கம்), ஆல்ட் சேர்த்தால் தேர்ந்தெடுத்த பகுதி. ஹைக்கூவிலோ ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்ந்தால் நான்காவது பணிவெளிக்கு, அதாவது வேறொரு தனித் திரைக்கு, போ என்று அர்த்தம். நகலெடுக்கலாம் என்று அழுத்தினால் மில்க்கிடிராக்கர் திரையை விட்டே மறைந்துவிடும். பதற வேண்டாம், ஆல்ட்டோடு எஃப்1 அழுத்துங்கள், முதல் பணிவெளிக்குத் திரும்பிவிடலாம். நான் ஷிஃப்ட், கன்ட்ரோல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். தொடக்கத்துக்கு அதுவே போதும்.

ஒலி செய்வது

இனிமேல்தான் சுவாரசியம். வலப்பக்கம் இசைக்கருவிகளின் பட்டியல் இருக்கும். முதலாவதைச் சொடுக்கிவிட்டு சாம்பிள் எடிட்டரைத் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். வெற்றுக் கட்டம் ஒன்று வரும். அதற்குள் வலது சொடுக்கினால் மெனு விரியும். அதில் புதிய சாம்பிள் உருவாக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து நீளம் 32 என்று கொடுங்கள். மறுபடி வலது சொடுக்கி, ஜெனரேட்டர் பகுதியில் ஸ்கொயர் என்ற சதுர அலையை எடுங்கள். அலை எண்ணிக்கை கேட்டால் 1. மேலே கொஞ்ச தூரம், கீழே கொஞ்ச தூரம் என ஒரே ஒரு படி தெரியும். இப்போது லூப்பை ஃபார்வர்டு என்று மாற்றி, தொடக்கம் 0, நீளம் 32 என்று வையுங்கள். விசைப்பலகையில் இசட் விசையை அழுத்துங்கள். கேட்கிறதா? பழைய வீடியோ கேமில் கேட்ட அதே குரல்.

ஏன் 32 என்று சொன்னேன்? எக்ஸ்எம் வடிவத்தில் சி-4 என்ற சுரம் சாம்பிளை நொடிக்கு 8363 புள்ளி வேகத்தில் படிக்கிறது. ஒரு முழு அலை 32 புள்ளியில் முடிகிறது என்றால் நொடிக்கு 261 அலை. பியானோவின் நடு சி ஏறத்தாழ அதே 261 ஹெர்ட்ஸ்தான். 64 புள்ளி எடுத்தால் ஒரு ஸ்தாயி கீழே போகும். சுருதி என்பது எண்ணிக்கைதான் என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் மென்பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டாவது கருவிக்கு இதையே செய்யுங்கள், ஆனால் ஸ்கொயருக்குப் பதில் சைன் அலை. 32 புள்ளி, லூப் ஃபார்வர்டு. இது நம் கிக் டிரம். இப்போது ஊதல் போலத்தான் கேட்கும், சற்று நேரத்தில் டிரம் ஆக்கிவிடுவோம்.

மூன்றாவது கருவி இரைச்சல். புதிய சாம்பிளின் நீளம் 4000, ஜெனரேட்டரில் நாய்ஸ், லூப் வேண்டாம். சி-4-இல் இது கிட்டத்தட்ட அரை நொடி ஒலிக்கும், அது ஸ்னேர். இரண்டு ஸ்தாயி மேலே சி-6-இல் வாசித்தால் நான்கு மடங்கு வேகத்தில் ஓடி 0.12 நொடியில் முடிந்துவிடும், அது ஹை-ஹாட். ஒரே சாம்பிளிலிருந்து இரண்டு வாத்தியம். சேமிப்பிடம் குறைவாக இருந்த காலத்தில் டிராக்கர்காரர்கள் இப்படித்தான் பிழைத்தார்கள்.

பட்டியலைப் படிக்கும் முறை

சாம்பிள் எடிட்டரை மூடுங்கள். பட்டியலில் ஒவ்வொரு செங்குத்துப் பத்தியும் ஒரு சேனல். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். அடுத்த சுரம் வந்ததும் முந்தையது நின்றுவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் இடமிருந்து வலமாக சுரம், கருவி எண், ஒலி அளவு, அப்புறம் எஃபெக்ட், அதாவது சுரம் ஒலிக்கும் விதத்தை மாற்றும் கட்டளை.

எண்கள் 16 அடிமானத்தில் இருக்கும். 9-க்குப் பிறகு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், அதற்குப் பிறகுதான் 10. அதாவது இங்கே 10 என்றால் நம் 16, 20 என்றால் 32, 40 என்றால் 64. முழு ஒலி அளவு 40, பாதி 20. இரண்டு நாள் பழகினால் கணக்குப் போடாமலே புரியும்.

ஒரு பேட்டர்னில் 64 வரிசை. தொடக்கத்தில் வேகம் 6, பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) 125 என்று இருக்கும். டிராக்கர் நேரத்தை எண்ணும் மிகச் சிறிய அலகு டிக், இந்த அமைப்பில் அது 20 மில்லிநொடி. ஆறு டிக் ஒரு வரிசை, அதாவது 0.12 நொடி. நான்கு வரிசையை ஒரு அடி என்று எண்ணினால் 64 வரிசையில் 16 அடி வரும். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளம் சரியாக இரண்டு ஆவர்த்தனம். மிச்ர சாபு வேண்டுமா, பேட்டர்ன் நீளத்தை 56 வரிசையாக்குங்கள், 16 அடிமானத்தில் அது 38. ஏழு ஏழாக இரண்டு சுற்று உட்காரும். நான்கு நான்காக மட்டுமே எண்ணும் பல சீக்வென்சர்களில் இதற்கு மெனு மெனுவாகத் தேட வேண்டியிருக்கும்.

தாளம் போடுவது

ஸ்பேஸ் விசையை அழுத்தினால் எடிட் நிலை வரும். திரும்ப அழுத்தினால் போகும். எடிட் நிலையில் அழுத்தும் சுரம் பட்டியலில் பதியும், வெளியே வந்தால் ஒலி மட்டும்.

முதல் சேனல், வரிசை 00. கருவிப் பட்டியலில் சைனைத் தேர்ந்து சி-4 பதியுங்கள். ஸ்தாயியை எஃப்1 முதல் எஃப்7 வரையிலான விசைகள் மாற்றும். கட்டத்தில் சி-4 என்று விழுகிறதா என்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதே வரிசையின் எஃபெக்ட் இடத்தில் 240 என்று எழுதுங்கள். இதில் 2 என்பது சுருதியைக் கீழே இழுக்கும் எஃபெக்ட், 40 என்பது இழுக்கும் வேகம். ஒரே வரிசைக்குள் 20 அரைச்சுரம் சறுக்கி இறங்கிவிடும். அடுத்த வரிசை 01-இல் சுரம் எதுவும் போடாமல், எஃபெக்ட் இடத்தில் ஏ0எஃப் என்று எழுதுங்கள். ஒலி அளவு அந்த வரிசைக்குள் பூஜ்யமாகிவிடும். பேட்டர்னை ஓட்டிப் பாருங்கள். ஊதலாக இருந்தது 'டும்' என்று விழும். நிஜ டிரம்மின் தோலிலும் இதேதான் நடக்கிறது. அடித்த கணத்தில் சுருதி மேலே எழும்பி உடனே கீழே இறங்குகிறது.

இதையே வரிசை 08, 10, 18 என்று எட்டு எட்டு வரிசை தள்ளிப் பதியுங்கள். அதே சேனலில் வரிசை 04, 0சி, 14, 1சி ஆகிய இடங்களில் இரைச்சல் கருவியை சி-4-இல் போடுங்கள். இரண்டாவது சேனலில் இரண்டு வரிசைக்கு ஒருமுறை இரைச்சலை சி-6-இல், ஒலி அளவு 18 வைத்துப் பதியுங்கள். ஹை-ஹாட் எப்போதும் நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருந்தால்தான் நன்றாக இருக்கும்.

மெட்டு

விசைப்பலகையின் கீழ் வரிசை ஒரு ஸ்தாயி. இசட் விசை ஸட்ஜம் என்று வைத்துக்கொண்டால் எக்ஸ் சதுச்ருதி ரிஷபம், சி விசை அந்தர காந்தாரம், வி சுத்த மத்யமம், பி பஞ்சமம், என் சதுச்ருதி தைவதம், எம் காகலி நிஷாதம். மேல் வரிசையில் கியூ விசை மேல் ஸட்ஜம். கறுப்புக் கட்டைகள் இவற்றுக்கு இடையே எஸ், டி, ஜி, எச், ஜே விசைகளில் இருக்கின்றன. விசையின் பெயரையும் சுரத்தின் பெயரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சி என்ற விசையை அழுத்தினால் பட்டியலில் விழுவது ஈ சுரம்.

மோகனம் எளிது, தப்பு வராது. மூன்றாவது சேனலுக்கு வாருங்கள். மேல்பாதியில் ஆட் என்ற எண்ணை 4 ஆக்குங்கள். ஒவ்வொரு சுரம் பதிந்ததும் குறி நான்கு வரிசை தாண்டி அடுத்த அடியில் போய் நிற்கும். சதுர அலைக் கருவியைத் தேர்ந்து இசட், எக்ஸ், சி, பி, என், கியூ, என், பி என்று வரிசையாக அழுத்துங்கள். ச ரி க ப த ச் த ப, ஒரு ஆவர்த்தனம் ஆயிற்று. அடுத்த ஆவர்த்தனத்துக்கு க ப க ரி ச ரி ச பதித்து, எட்டாவது அடியை வெறுமனே விடுங்கள். அந்த இடைவெளியில்தான் மெட்டு மூச்சு விடும்.

ஓட்டிக் கேட்டால் சுரங்கள் கட்டைக் கட்டையாக நிற்கும். மேற்கத்திய காதுக்கு அது சரியாக இருக்கலாம், நமக்கு உறுத்தும். இதற்கு எஃபெக்ட் 3 இருக்கிறது. வரிசை 04-இல் உள்ள ரிஷபத்தின் எஃபெக்ட் இடத்தில் 308 என்று எழுதுங்கள். ஸட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு வெட்டாமல் வழுக்கிப் போகும். அந்த வேகத்தில் ஒரு வரிசைக்கு இரண்டரை அரைச்சுரம் நகரலாம், ரிஷபத்துக்கு இரண்டே போதும். நீண்ட ஜாரு வேண்டுமென்றால் எண்ணைக் குறைத்து, கீழ் வரிசைகளிலும் 300 என்று எழுதிக்கொண்டே போங்கள். பழைய வேகமே தொடரும். நீண்ட சுரத்தில் 444 என்று போட்டால் லேசான அசைவு வரும். கமகம் என்று இதைச் சொல்லிவிட முடியாது, ஆனால் 3-ஐயும் 4-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பொறுமையாகச் செதுக்கினால் கைசிகி நிஷாதத்தின் ஆட்டம்வரை கிட்டே போகலாம்.

நான்காவது சேனலில் ஒரு துணை. சதுர அலையில் சி-3, பதினாறு வரிசைக்கு ஒருமுறை, ஒலி அளவு 18. அதன் எஃபெக்டில் 007 எழுதி, கீழ் வரிசைகளிலும் நிரப்புங்கள். 0 எஃபெக்ட் ஸட்ஜத்தையும் அதற்கு ஏழு அரைச்சுரம் மேலுள்ள பஞ்சமத்தையும் டிக்குக்கு டிக் மாற்றி மாற்றி வாசிக்கும். ஒரே சேனலில் ச-ப சுருதி பிடித்த மாதிரி இருக்கும். 047 என்றால் மேஜர் கார்ட், 037 என்றால் மைனர்.

பாட்டாகக் கட்டுவது

இதுவரை செய்தது பேட்டர்ன் 00. கன்ட்ரோலோடு எஃப்4 அழுத்தி முழுப் பேட்டர்னையும் நகலெடுத்து, பேட்டர்ன் எண்ணை 01 ஆக்கி, கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தி ஒட்டுங்கள். அதில் மெட்டை மட்டும் மாற்றுங்கள். தாளம் அப்படியே இருக்கட்டும். இடது மேல் மூலையில், பேட்டர்ன்கள் எந்த வரிசையில் ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலில் 00, 00, 01, 00 என்று அடுக்குங்கள். ஒரு பேட்டர்ன் 7.68 நொடி, நான்கும் சேர்ந்து முப்பது நொடிக்குக் கொஞ்சம் மேல். முதல் சுற்றில் தாளத்தை நிறுத்தி வைக்கலாம் என்று தோன்றினால், தாளமில்லாத பேட்டர்ன் 02 ஒன்றைச் செய்து முதலில் வையுங்கள்.

கோப்பை இப்போதே சேமியுங்கள், பெயரில் 01, 02 என்று எண் சேர்த்து. பாட்டின் தலைப்புக்கு எக்ஸ்எம் கோப்பில் 20 பைட்தான் இடம், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டாவது தின்னும். ஆகவே தலைப்பை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளின் பெயருக்கு 22 எழுத்து உண்டு. பழைய டிராக்கர்காரர்கள் அந்த இடத்தில் கருவிப் பெயருக்குப் பதில் நண்பர்களுக்கு வாழ்த்து எழுதி அனுப்புவார்கள். பாட்டைத் திறந்தால் கடிதமும் சேர்ந்து வரும்.

வேவ் கோப்பு எடுக்க டிஸ்க் ஆப் பொத்தானுக்குப் போய், பாட்டை வேவ் ஆகச் சேமிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வேகம் 44100 ஹெர்ட்ஸ். கிடைத்த கோப்பை ஹைக்கூவின் மீடியாபிளேயரில் முழுக்கக் கேளுங்கள். கிக் விழும் இடங்களில் கிழிந்த மாதிரி கேட்டால் மிக்சர் அளவைக் குறைத்து மறுபடி எடுங்கள்.

அடுத்ததாக, இரைச்சல் கருவியின் இடத்தில் உங்கள் வீட்டு ஒலி ஒன்றை வைத்துப் பாருங்கள். ஹைக்கூவில் சவுண்ட்ரெக்கார்டர் கூடவே வருகிறது. மைக் வேலை செய்யாத கணினி என்றால் போனில் பதிந்து, வேவ் ஆக மாற்றிக் கொண்டுவரலாம். நான் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து விரல் நகத்தால் தட்டிப் பதிந்தேன். சாம்பிள் எடிட்டரில் திறந்து, தட்டலுக்கு முன்னால் இருந்த வெற்று நேரத்தை இழுத்துத் தேர்ந்து வெட்டினேன். அது விட்டுப்போனால் ஒவ்வொரு அடியும் தாளத்துக்குப் பின்னால் விழும். கருவி எண் அதேதான் என்பதால் பட்டியலில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஓட்டியதும் ஹை-ஹாட் விழுந்த இடமெல்லாம் டம்ளர் ஒலித்தது.